92 சதவீதம் பொருந்துதாம்: நேட்டால் போன தாத்தாவைக் குடும்ப மரத்தில் சேர்க்கலாமா?

வேலூரான்
எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் பொன்னுசாமி, 1890 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கிற நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினவர். திரும்பி வரல. வீட்டில் தெரிஞ்சது இவ்வளவுதான்: அப்பா பேரு முனுசாமி, ஊர் குடியாத்தம் பக்கம், சின்ன வயசுல மாடு முட்டிக் காலில் தழும்பு. வம்சாவளித் தளம் ஒண்ணில் ஏத்தி வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி டர்பன் குடும்பம் ஒண்ணோட மரத்தைக் காட்டி, 92 சதவீதம் பொருத்தம்னு சொல்லுது. பட்டனைத் தட்டினா அறுபது பேர் வந்து ஒட்டிக்குவாங்க. தட்டவா?

கணக்குப்பிள்ளை
தட்டாதீங்க தம்பி. பேரோட வால், அதாவது குடும்பப் பேரு, தலைமுறை தலைமுறையா மாறாதுன்னு நம்புற இயந்திரம் அது. நம்ம வழக்கம் வேற. முனுசாமி மகன் பொன்னுசாமி, அவர் மகனுக்குத் தாத்தா பேரு, திரும்பவும் முனுசாமி. வட ஆற்காட்டில் தெருவுக்கு ஒரு பொன்னுசாமி இருந்திருப்பார். நான் ஒருதரம் ஆசைப்பட்டுத் தட்டி, தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகி, எங்க ஆயா தன் மாமியாருக்கே மாமியார் ஆகிட்டாங்க. பிரிச்செடுக்க மூணு மாசம்.

டர்பன் மருமகள்
ஆயா கதைக்குச் சிரிச்சேன், ஆனா ஒத்துக்க மாட்டேன் அண்ணா. என் மாமனார் வீட்டுக்குப் பூர்வீக ஊர் தெரிஞ்சதே இப்படி ஒரு பொருத்தத்தாலதான். இங்க கவுண்டர் ‘கவெண்டர்’ ஆச்சு, முதலியார் ‘மூட்லி’ ஆச்சு, முனுசாமி ‘மூன்சாமி’ ஆச்சு. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினது. 1860க்கும் 1911க்கும் நடுவில் வந்தவங்க 152,184 பேர். கண்ணால தேடி முடிக்கிற காரியமா? எழுத்துப் பிசகினாலும் அந்த இயந்திரம் மோப்பம் பிடிக்குது.

கணக்குப்பிள்ளை
மோப்பம் பிடிக்கட்டும், சாட்சி சொல்ல வேண்டாம். 1860 நவம்பர் 16 அன்னிக்கு டர்பன் வந்த ட்ரூரோ கப்பலின் 342 பேர்ல ஆரம்பிச்சு, ஒப்பந்தக் கூலியா வந்தவங்களுக்கு ஆளுக்கொரு எண் போட்டாங்க. கப்பல் பேரேட்டில் அந்த எண்ணோடு அப்பா பேரு, வயசு, சாதி, தாலுகா, கிராமம், உயரம், உடம்பு அடையாளம் வரைக்கும் வரும். கல்யாணப் பதிவு, இறப்புப் பத்திரங்களிலும் அதே எண் பின்தொடரும். அதைத்தான் கேட்டு வாங்கணும். எண் இல்லாத பொருத்தம் வெறும் பேச்சு.

சித்தூர் சீனு
இன்னொரு குழி இருக்குங்க. 1911 வரைக்கும் சித்தூரே வட ஆற்காடு ஜில்லாவில்தான். பேரேட்டில் ஜில்லா மட்டும் பார்த்துட்டு வேலூர்னு முடிவு கட்டாதீங்க. உங்க ‘தமிழ்நாட்டுத் தாத்தா’ எங்க ஊர் தெலுங்குக்காரரா இருக்கலாம்!

வேலூரான்
மரபணுச் சோதனை பண்ணிப் பார்த்தா?

கணக்குப்பிள்ளை
பண்ணலாம். ஆனா இத்தனை தலைமுறை தள்ளிப் பங்கு மெலிஞ்சிடும். மறுபக்கம், மாமன் மகள் அத்தை மகன்னு உள்ளுக்குள்ளேயே கட்டிக்கிட்ட கூட்டத்தில் தூரத்துச் சொந்தம் கிட்டத்துச் சொந்தமாத் தெரியும். அதையும் எண்ணோடு சேர்த்துத்தான் படிக்கணும்.

டர்பன் மருமகள்
சரி, எண்ணையே கேளுங்க. மரத்தோட சொந்தக்காரங்களுக்கு எழுதினா பதில் போடுவாங்க. இங்கயும் ஊர் தேடுற ஏக்கம் நிறைய. ஆனா ஒண்ணு அண்ணா: அந்தப் பொருத்தம் வராம இருந்தா, யார்கிட்ட எண் கேக்கறதுன்னே தம்பிக்குத் தெரிஞ்சிருக்காது.

கணக்குப்பிள்ளை
அது வாஸ்தவம்.

வேலூரான்
(ஒன்பது நாள் கழிச்சு)
பதில் வந்துடுச்சு, எண்ணோடு பேரேட்டுப் பக்கத்தின் படமும். பொன்னுசாமி, தகப்பன் முனுசாமி, வயசு 23, வட ஆற்காடு. தாலுகா குடியாத்தம்தான், எழுத்து என்னவோ ‘கூடியாட்டம்’ மாதிரி இருக்கு. கிராமத்துப் பேர் மேல மை ஊறிக் கிடக்கு, முதல் எழுத்து ‘ப’வா ‘வ’வான்னு தெரியல. அடையாளம்: வலது கெண்டைக்காலில் தழும்பு.

உடனே அத்தைக்கு ஃபோன் போட்டு, மாடு முட்டினது எந்தக் கால்னு கேட்டேன். “கால்னு சொல்லுவாங்க, எந்தக் கால்னு யார்ரா கேட்டு வெச்சா?”ன்னு வெச்சுட்டாங்க. இப்போ என்ன பண்ண?

கணக்குப்பிள்ளை
குறிப்புப் பெட்டியில் எண்ணை எழுதி, ‘உறுதியில்லை’ன்னு போட்டு வைங்க. மை ஊறின அந்த இடத்தைப் பெரிசாக்கி இங்க போடுங்க. குடியாத்தம் தாலுகா ஊர்களை நான் வரிசையாப் பார்க்கறேன்.

சித்தூர் சீனு
என்னையும் சேர்த்துக்குங்க. எனக்குப் ‘ப’ மாதிரிதான் படுது, படத்தைப் பார்க்காமலே!