தலவாக்கலையில் கடைக்கு லைட் போர்ட்: நகர சபையா, ஆர்.டி.ஏ.யா (வீதி அபிவிருத்தி அதிகார சபை), யாரிடம் அனுமதி?

புதுக்கடை

எல்லாருக்கும் வணக்கம். தலவாக்கலை டவுனில் ஏ7 பாதையைப் பார்த்த வாடகைக் கட்டடத்தில் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறோம். மூன்று போர்ட் போட யோசனை. முகப்பில் 10 அடிக்கு 3 அடி லைட் போர்ட். டவுனுக்குள் நுழையும் பாதை வளைவில், ரோட்டோரக் கம்பத்தில் 6 அடிக்கு 4 அடி போர்ட். வாசலுக்கு மேலே எழுத்து ஓடும் எல்.இ.டி ஒன்று. முகப்புச் சுவர் ஹொலோ பிளொக் (உள்ளே வெற்றிடம் உள்ள சிமெந்துக் கல்).

சொந்தக் கடைக்குப் பெயர் போட யாரையும் கேட்கத் தேவையில்லை என்கிறார் போர்ட் அடிப்பவர். சோடா கம்பனியொன்று தங்கள் சின்னத்தைப் போட்டால் முகப்பு போர்ட்டை இலவசமாகத் தருவதாகச் சொல்கிறது. அனுமதியை எந்த ஒழுங்கில் எடுப்பது? மிஸ்ட் இறங்கும் ஊரில் லைட்டை எப்படி வைப்பது?

வருமானப்பிரிவு

போர்ட் அடிப்பவர் பேச்சை நம்பி இரும்புக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. சில சபைகள் கடைச் சுவரோடு ஒட்டிய பெயர்ப் பலகைக்குச் சலுகை கொடுக்கின்றன, சில கொடுப்பதில்லை. எல்லாம் அந்தந்தச் சபையின் துணைவிதியில் (சபை தானே ஆக்கும் விதி) இருக்கிறது. உங்களுடையது தலவாக்கலை–லிந்துலை நகர சபை. வருமானப் பிரிவுக்குப் போய் விளம்பரத் துணைவிதியையும் இந்த வருடக் கட்டணத் தீர்மானத்தையும் கேளுங்கள். இரண்டும் வர்த்தமானியின் 4ஆம் பகுதி (ஆ)வில், உள்ளூராட்சி அறிவித்தல்களில் வருபவை. கட்டணம் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு, வருடத்துக்கு ஒரு முறை. இரண்டு பக்கமும் எழுதிய போர்ட்டுக்கு ஒரு முகமா, இரண்டு முகமா கணக்கு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு பில்லைப் பார்த்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

கொண்டுபோக வேண்டியவை: தவிசாளருக்கு அல்லது செயலாளருக்கு எழுதிய கோரிக்கைக் கடிதம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், மதிப்பீட்டு வரி கட்டிய ரசீது, வியாபார அனுமதிப்பத்திரம், முகப்பின் போட்டோ, அளவு குறித்த வரைபடம். பல விண்ணப்பங்கள் திரும்பி வருவது அந்த வரைபடத்தால்தான். நீள அகலத்தை மட்டும் போட்டால் போதாது. தரையிலிருந்து போர்ட்டின் அடிவிளிம்பு எத்தனை அடி, சுவரைவிட்டு எத்தனை அங்குலம் முன்னால் நிற்கிறது, வடிகானிலிருந்தும் ரோட்டு விளிம்பிலிருந்தும் எவ்வளவு தூரம், லைட் உள்ளேயா வெளியேயா, எழுத்து என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்துக்கு வரும்போது அந்தத் தாளோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஒழுங்கு இது: முதலில் சம்மதக் கடிதம், அடுத்து சபை, அனுமதி கையில் வந்த பிறகு போர்ட் வேலை. கம்பத்தில் நிற்கும் போர்ட் ஒரு கட்டுமானம் என்பதால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழும் கேள்வி வரும். அதற்குத் தனியாக அபிவிருத்தி அனுமதி வேண்டுமா என்று சபையின் திட்டமிடல் பிரிவில் கேளுங்கள்.

வளைவில் ரோட்டோரக் கம்பத்தை மறந்துவிடுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அந்த வீதிகளின் ஓர ஒதுக்கிடத்துக்குள் கம்பம் நட நகர சபையின் ரசீது செல்லாது. சி, டி தர வீதியென்றால் மாகாணத்தின் வீதிப் பிரிவு. தனியார் காணிக்குள் நடுவதாக இருந்தாலும் வீதிக் கோடும் (வீதிக்கு ஒதுக்கிய எல்லை) கட்டடக் கோடும் (அதைத் தாண்டிக் கட்டக் கூடாத எல்லை) எங்கே விழுகின்றன என்று முதலில் பாருங்கள். கரண்ட் தூணில் போர்ட் கட்டுவது அறவே கூடாது. மண்மேட்டை வெட்டித்தான் கம்பம் நட வேண்டியிருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியைப் பற்றியும் கேளுங்கள். மலையில் அது வெறும் சம்பிரதாயம் இல்லை.

சோடா கம்பனி விஷயத்தில் கவனம். சின்னம் ஏறியதும் அது பெயர்ப் பலகை இல்லை, விளம்பரம். வருடக் கட்டணத்தைக் கம்பனிதான் கட்டும் என்று எழுத்தில் வாங்காவிட்டால் பில் கடைக்காரர் பெயரில் வரும். சிகரெட், மதுபானச் சின்னங்களை யார் இலவசமாகத் தந்தாலும் ஏற்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அந்த விளம்பரங்களைத் தடை செய்திருக்கிறது.

இரும்பும் லைட்டும்

அனுமதியைப் பற்றி மேலே அண்ணன் சொல்லிவிட்டார். நான் போர்ட்டைச் சொல்கிறேன்.

10க்கு 3 அடி என்றால் 30 சதுர அடி, ஏறக்குறைய 2.8 சதுர மீற்றர். காற்று மணிக்கு 120 கிலோமீற்றரில் அடித்தால் சதுர மீற்றருக்குச் சுமார் 680 நியூட்டன் அழுத்தம் வரும். மொத்தம் 190 கிலோ பாரம் போர்ட்டை இழுப்பதற்குச் சமம். ஹொலோ பிளொக் சுவரில் ராவல் பிளக்கும் ஸ்க்ரூவும் போட்டால் பிளக்கைச் சுற்றியிருக்கும் ஒரு அங்குலச் சிமெந்துத் தோல்தான் அதைத் தாங்க வேண்டும். தென்மேற்கு மழைக் காற்றில் அது அப்படியே பிய்ந்து வரும். சுவரைத் துளைத்து 10 மில்லிமீற்றர் நூல் கம்பியை (நீளம் முழுக்க மரை உள்ள கம்பி) மறுபக்கம் எடுத்து, உள்ளே 6 அங்குலச் சதுர, 6 மில்லிமீற்றர் தடிப்புத் தகடு வைத்து நட் போடுங்கள். மேலே கொங்கிரீட் பீம் இருந்தால் இன்னும் நல்லது: மேல் வரிசை போல்ட்டெல்லாம் பீமில், கீழ் வரிசை மட்டும் சுவரில்.

லைட்டுக்கு வருவோம். பெட்டியின் ஆழம் 6 அங்குலம், மொடியூல் (சின்ன எல்.இ.டி லைட் துண்டு) இடைவெளியும் 6 அங்குலம். ஆழத்தைவிட இடைவெளி கூடினால் பிளெக்ஸ் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கணக்குக்கு வரிசைக்கு 20, 6 வரிசை, மொத்தம் 120 மொடியூல். ஒன்று 1.2 வோட் என்றால் 144 வோட், 12 வோல்டில் 12 அம்பியர். பவர் சப்ளையை (230 வோல்டை 12 வோல்டாக மாற்றும் கருவி) முழுக்க ஏற்றக் கூடாது, 80 வீதத்தோடு நிறுத்துங்கள். ஒரே 200 வோட்டைவிட இரண்டு 100 வோட் நல்லது, ஒன்று செத்தாலும் பாதி போர்ட் எரியும். இரவில் 5 மணித்தியாலம் போட்டால் மாதத்துக்கு 25 யூனிட் அளவில் போகும்.

பவர் சப்ளையைக் கல்லாவுக்குக் கீழே வைத்து 12 வோல்ட் வயரை மேலே இழுப்பது பலரும் செய்வது. 8 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 12 அம்பியர் போனால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், போர்ட் மங்கும். 230 வோல்டைப் போர்ட் வரைக்கும் கொண்டுபோய், பவர் சப்ளையை அங்கேயே வையுங்கள். தனி 6 அம்பியர் பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், இரும்புச் சட்டத்துக்கு ஏர்த் வயர், மூன்றில் ஒன்றைக்கூட விடாதீர்கள். மழையில் நனைந்த சட்டத்தில் கரண்ட் கசிந்தால் ஷட்டரைத் தூக்குபவர்தான் அதைத் தொடுவார்.

பெட்டியை நாலு பக்கமும் சிலிக்கன் பூசி அடைப்பதும் தவறு. பகலில் சூடேறி இரவில் குளிர்ந்ததும் உள்ளே ஆவி நீராகத் தங்கும், பவர் சப்ளை பச்சையாகப் பூத்துவிடும். மேல் விளிம்பை மட்டும் அடைத்து, அடியில் 2 அடிக்கு ஒரு 6 மில்லிமீற்றர் துளை விடுங்கள். வயர் கீழிருந்துதான் நுழைய வேண்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்க வேண்டும். அந்த வளைவின் அடியில் மழைநீர் சொட்டி விழுந்துவிடும், உள்ளே ஏறாது.

புதுக்கடை

ரொம்ப நன்றி அண்ணே. சோடா கம்பனியை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வளைவுக்குப் பக்கத்துக் காணிக்காரர் தன் காணிக்குள் கம்பம் நட இடம் தருகிறார். ஓடும் எழுத்து எல்.இ.டி போடலாமா? அதில் சிவப்பு எழுத்துத்தான் மலிவாக இருக்கிறது.

வளைவுப்பாதை

ஓடும் எழுத்தை வாசலுக்கு உள்ளே, வருகிறவர்களைப் பார்த்தபடி வையுங்கள். ரோட்டைப் பார்த்து வேண்டாம். மிஸ்ட்டுக்குள் பஸ் ஓட்டி வருபவர் முன்னால் போகும் வாகனத்தின் பின் லைட்டையும் பிரேக் லைட்டையும்தான் தேடுகிறார். சிவப்பில் ஏதாவது அசைந்தால் கண் அங்கே போய்விடும். மின்னும் லைட், அம்புக்குறி, வீதிச் சமிக்ஞை மாதிரியான வடிவம், இதெல்லாம் பொலிஸுக்கும் ஆர்.டி.ஏ.வுக்கும் நியாயமான ஆட்சேபணை.

மஞ்சள் லைட் போட்டால் மிஸ்ட்டைத் துளைக்கும் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். மிஸ்ட்டின் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். கண்ணைக் கூச வைப்பது லைட்டின் அளவும் திசையும். கம்ப போர்ட்டுக்குக் கீழிருந்து மேலே பிளட் லைட் அடித்தால் பாதி வெளிச்சம் வானத்துக்குப் போய் வளைவு முழுக்க வெள்ளைத் திரையாக நிற்கும். மேல் விளிம்பில் முழங்கை பைப் வைத்து, மேல்மூடி உள்ள லைட்டைக் கீழ்நோக்கிப் போடுங்கள். கரும் பின்னணியில் வெள்ளை எழுத்து நல்லது. வெள்ளைப் பின்னணி முழுக்க எரிந்தால் எழுத்தே கரைந்துபோகும்.

போட்டோ சென்சரை அப்படியே மாட்டினால் மலையில் மத்தியானம் மிஸ்ட் இறங்கும்போதே போர்ட் எரியத் தொடங்கும். சென்சரை 10–20 லக்ஸுக்கு (வெளிச்ச அளவு) இறக்குங்கள், அல்லது பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் போடுங்கள். சுழலும் டைமர் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் நேரம் தவறும்.

இரும்பும் லைட்டும்

கம்பத்துக்கு ஒரு கணக்கு. 6க்கு 4 அடி போர்ட்டின் நடு 12 அடி உயரத்தில் நின்றால், அதே 120 கிலோமீற்றர் காற்றில் சுமார் 155 கிலோ பாரம் 12 அடி நெம்புகோலில் அத்திவாரத்தைப் பிரட்டும். 3 அடிக்கு 3 அடி, 4 அடி ஆழக் கொங்கிரீட் போட்டால் சுமார் 2,400 கிலோ எடை நிற்கும், அது தாங்கும். தேயிலைச் சரிவில் ஒரு பக்கம் மண் தளர்வாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், சபையும் எப்படியும் அதைக் கேட்கும்.

வருமானப்பிரிவு

காணிக்காரரின் சம்மதக் கடிதத்தில் அவருடைய காணி உறுதி இலக்கமும் கையெழுத்தும் வேண்டும். தோட்டக் காணியாக இருந்தால் அவர் கடிதம் போதாது, நிர்வாகத்திடம்தான் வாங்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுங்கள், மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. துணைவிதியின் பிரதியைத் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்காமல் கவுண்டரைவிட்டு வராதீர்கள்.