ஒடியல் மா பொதி செய்ய பை ஒட்டும் பழைய சீலர் ஒன்று தேவை

வணக்கம். முல்லைத்தீவு புதுக்குடியிருப்பில், பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கும் ஒடியல் மாவும், அவித்துக் காயவைக்கும் புழுக்கொடியலும் செய்து விற்கிறோம். 2009 போரில் எல்லாம் போய், முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் மிஞ்சியிருந்தது பனைகள்தான். அதிலும் சில ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்றன. இப்போது என்னோடு ஐந்து பெடியள் வேலை செய்கிறார்கள். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு தேடிக்கொண்டிருந்தவர்கள்.

சிக்கல் பொதி செய்வதில்தான். பையின் வாயை மெழுகுதிரியில் வாட்டி ஒட்டுகிறோம். மாரியில் ஈரக்காற்றுப் புகுந்து மா கட்டிபட்டுவிடுகிறது. போன கார்த்திகையில் கொழும்புக் கடையொன்று 20 கிலோவை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. பிழை எங்களுடையதுதான், கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை.

காலால் மிதித்து ஒட்டும் சீலர் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? விலை சொல்லுங்கோ, இரண்டு மூன்று தவணையில் தந்துவிடுவேன். நுண்கடன் எடுக்கச் சொல்லாதீர்கள். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்பார்கள், ஒருதரம் பட்டது போதும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு செய்தாயிற்று. பார்கோட் எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்களும் எழுதுங்கள். கிளிநொச்சி, வவுனியா என்றால் சீலரை நானே வந்து ஏற்றிக்கொள்வேன்.