மூலையில் கருகுகிறது: மோட்டாரை மாற்றவா, பவரைக் குறைக்கவா?

சிப்புட் பட்டறை:
சுங்கை சிப்புட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்து லோரிக்கும் செம்பனை ஆலைக்கும் புஷ், ஷாஃப்ட் கடைந்து கொடுத்தே ஓடிய இடம். கணினி சொல்படி உலோகம் செதுக்கும் பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் ஒன்றில் கன்ட்ரோலர் செத்துப்போனது. வெட்டுக்கருவி சுழலும் ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு 60 வாட் சிஓ2 லேசர் தலையை மாட்டினேன். படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார், அதை ஓட்ட ஆர்டுயினோ போர்டில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். தைப்பூசக் காவடிக்கு 3 மில்லி பிளைவுட்டில் மயில் வெட்டுகிறேன். நேர்கோடு அருமையாக வருகிறது. இறகு நுனியில் மட்டும் இரண்டு பக்கமும் இரண்டு மில்லி தூரத்துக்குக் கரி. வேகம் நொடிக்கு 20 மில்லி, ஆக்சிலரேஷன் (நொடிக்கு நொடி வேகம் கூடும் அளவு) 100. என்ன செய்யலாம்?

ஈப்போ ஃபிட்டர்:
தம்பி, ஸ்டெப்பரைத் தூக்கிப் போடு. இருக்கும் இடத்தைத் தானே சரிபார்க்கும் செர்வோ மோட்டார் போட்டு, எஸ்-கர்வ் தெரிந்த, அதாவது ஆக்சிலரேஷனை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் கன்ட்ரோலர் வாங்கு. ஜிஆர்பிஎல்லில் ஆக்சிலரேஷன் ஒரே அடியாகத் தொடங்கி ஒரே அடியாக நிற்கும். அந்த உதறல்தான் மெஷினைக் கெடுக்கிறது. அந்தத் திடீர் மாற்றத்தை, ஜெர்க்கை, அடக்கினால் எல்லாம் சரியாகும்.

கோலகங்சார் அக்கா:
ஆகாது அண்ணே. கருகலுக்கும் உதறலுக்கும் சம்பந்தமில்லை. கணக்கைப் பாருங்கள். 20-ஐ 20-ஆல் பெருக்கி, ஆக்சிலரேஷனின் இரண்டு மடங்கான 200-ஆல் வகுத்தால் 2. அதாவது நின்ற இடத்திலிருந்து முழு வேகம் பிடிக்க மேசைக்கு 2 மில்லி தூரம் வேண்டும். தம்பி சொன்ன கரியும் அதே 2 மில்லி! நுனியில் மேசை ஊர்கிறது, லேசர் மட்டும் முழு பவரில் எரிகிறது. எஸ்-கர்வ் போட்டால், அதே ஆக்சிலரேஷனில் வேகம் பிடிக்க இன்னும் அதிக நேரம் ஆகும். கரி கூடத்தான் செய்யும்.

ஈப்போ ஃபிட்டர்:
அப்படியென்றால் ஆக்சிலரேஷனை 400 ஆக்கச் சொல்கிறேன். 2 மில்லி அரை மில்லி ஆகிவிடும். அதற்குத்தான் எஸ்-கர்வ். இல்லாவிட்டால் மூலை தாண்டியதும் விளிம்பில் அலை அலையாகக் கோடு விழும்.

சிப்புட் பட்டறை:
400 போட்டுப் பார்த்துவிட்டேன் அண்ணே. நீங்கள் சொன்ன அதே அலை. விரலால் தடவினால் சீப்புப் பல் மாதிரி தட்டுப்படுகிறது.

கிள்ளான் தச்சர்:
இந்தப் பாடு எதற்கு? சீனாவிலிருந்து ஒரு லேசர் மெஷினே வாங்கிவிடலாமே.

கோலகங்சார் அக்கா:
மெஷினைக் குறை சொல்லாதீர்கள். மில்லிங்கில் தலை அசையாது, மேசைதான் நகரும். ஒளி போகும் பாதை மாறாது. தலையே நகரும் கேன்ட்ரி மெஷின் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், ஒரு மூலையில் நன்றாக வெட்டி எதிர்மூலையில் மங்கிப்போய், கண்ணாடியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

தம்பி, ஜிஆர்பிஎல்லில் லேசர் முறைக்கான $32 அமைப்பை 1 ஆக்குங்கள். வெட்டும் ஃபைலில், ஒரே பவரில் எரியச் சொல்லும் எம்3 கட்டளை இருக்கும் இடத்தில், வேகத்துக்கேற்பப் பவரை மாற்றும் எம்4 போடுங்கள். வேகம் பாதியானால் பவரும் பாதியாகும், மேசை நின்றால் லேசரும் அணைந்துவிடும். ஒரு காசு செலவில்லை. அப்புறம், பிவிசி ஷீட்டை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் அரிக்கும், மேசையை நகர்த்தும் பால்ஸ்க்ரூவையும் அரிக்கும்.

ஈப்போ ஃபிட்டர்:
அக்கா, சிஓ2 குழாய் ஓர் அளவுக்குக் கீழே கரன்ட் போனால் பற்றவே பற்றாது. பூஜ்யம் வரை பவரைக் குறைத்தால் மூலை வெட்டுப்படாமல் நிற்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்புட் பட்டறை:
நேற்று ராத்திரி எம்4 ஓட்டினேன். கரி போயே போச்சு. ஆனால் ஃபிட்டர் அண்ணன் சொன்னதும் நடந்தது: ஒவ்வொரு நுனியும் ஒரு நார் பிடித்துத் தொங்கியது, கத்தியால் கீறித்தான் எடுத்தேன். அப்புறம் எம்4-ஐ அப்படியே விட்டு ஆக்சிலரேஷனை 250 ஆக்கினேன். மெதுவாகும் தூரம் ஒரு மில்லிக்குள் வந்தது. 40 இறகில் 3 மட்டும் தொங்கின. அலையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஈப்போ ஃபிட்டர்:
அந்த 3 இறகுக்குத்தான் செர்வோ என்கிறேன். சரி, மயில் கண் வட்டம் எப்படி வந்தது? படம் போடு.

சிப்புட் பட்டறை:
வட்டத்தில் நாலு இடத்தில் சின்னப் படி இருக்கிறது அண்ணே. மேலே, கீழே, இடம், வலம்.

ஈப்போ ஃபிட்டர்:
பேக்லாஷ்! மேசை திசை திரும்பும்போது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. அதை எம்4-உம் சரி செய்யாது, ஜிஆர்பிஎல்லில் அதை ஈடுகட்ட வழியும் இல்லை. லினக்ஸ்சிஎன்சி என்ற வேறு மென்பொருளில் உண்டு.

கோலகங்சார் அக்கா:
இதில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் மென்பொருளில் ஈடுகட்டுவதற்கு முன்னால் நட்டைக் கழற்றி இறுக்கிப் பாருங்கள். எத்தனை வருடம் ஓடிய ஸ்க்ரூவோ.

சிப்புட் பட்டறை:
பூசம் முடியட்டும் அக்கா, கழற்றுகிறேன். இப்போதைக்கு அந்த நாலு படியின் மேலேயும் ஜிகினா ஒட்டியாயிற்று.