ஏழாம் அத்தியாயம் வாசித்தாச்சா?

குழு: நம்மட வீட்டாக்கள்

அக்கா: தங்கச்சி, நீ எழுதுகிற தொடர்கதையின் ஏழாம் அத்தியாயத்தை ராத்திரியே வாசித்து முடித்துவிட்டேன். அந்தப் பெட்டைக்கு, தான் விரும்புகிறவன் ரத்தக் கையோடு பாலத்தில் நிற்பது காட்சியாகத் தெரிகிறதே, அதற்குப் பிறகு நித்திரையே வரவில்லை. அவன் கொன்றானா, காப்பாற்றினானா?

நான்: அது அவளுக்கே தெரியாது அக்கா. அவளுக்குக் கிடைப்பது ஒரு துண்டுதான். நனைந்த சட்டை, சிவந்த கை, பாலத்து இரும்பு. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று ஒன்றும் தெரியாது.

தம்பி: அவனிடமே கேட்டால் முடிந்ததே சின்னக்கா.

அக்கா: எப்படிக் கேட்பாள் தம்பி? அவன் கொலைகாரன் என்றால் அடுத்தது இவள்தான். இல்லையென்றால், விரும்புகிறவனையே சந்தேகப்பட்டவள் ஆகிவிடுவாள்.

மாமா: மகள், கதை நல்லாப் போகிறது. ஒரு இடம் மட்டும் திருத்த வேணும். மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் லொறி வருகிறது என்று எழுதியிருக்கிறாய். எந்த ஆண்டு? 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு லொறியெல்லாம் அதில்தானே போகிறது.

நான்: ஆண்டு போடவில்லை மாமா.

மாமா: 2010 என்று போடு. 1924இல் திறந்த பாலம் அது, ஒற்றைப் பாதை. அந்தப் பக்கத்திலிருந்து வாகனம் வந்தால் இந்தப் பக்கம் நின்றே ஆக வேணும். அவள் பஸ்ஸுக்குள் இருக்கட்டும். எதிரே அவனுடைய லொறி மெதுவாக வருகிறது. இவளுடைய பஸ் முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அவன் கிட்டக் கிட்ட வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேணும்.

அக்கா: ஐயோ மாமா, இதை அப்படியே எழுதச் சொல்லுங்க!

பெரியம்மா: நான் ஒன்று சொல்லட்டா மகள். கண்ணகியும் கனவு கண்டவள்தானே. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையை எடுத்துப் பார். பெரிய நகரம், வீண்பழி, கோவலனுக்குத் தீங்கு, அவள் அரசனிடம் முறையிடுவது, எல்லாம் முன்னமே தெரிந்துவிடுகிறது. ஆனால் சொன்னது தோழி தேவந்தியிடம். அதே காதையில் கோவலன் வீடு திரும்புகிறான். அவனிடம் கனவைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிரித்த முகத்தோடு, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். எத்தனை தரம் படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பெரியம்மா: பாண்டிமாதேவியும் கனவு கண்டாள். அவள் அரசனிடமே சொன்னாள். சொல்லி முடிக்க, கண்ணகி வாசலில் வந்து நிற்கிறாள்.

தம்பி: அப்ப சொன்னாலும் பயனில்லை, சொல்லாவிட்டாலும் பயனில்லையா பெரியம்மா?

பெரியம்மா: அவர்களுக்கு அப்படி. இவளுக்கு நேரம் இருக்கிறதே மனே. நம்ம ஊரில் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் தெய்வமாடுகிறவர் கட்டு, அதாவது குறி, சொன்னால் ஊரே கைகட்டிக் கேட்கும். அதையே ஒரு பெட்டை வீட்டுக்குள் இருந்து கண்டேன் என்று சொன்னால் விசர் என்பார்கள். ஆறாம் அத்தியாயத்தில் தாய்கூட இவளை நம்பவில்லை. அதனால்தான் அவள் அவனிடம் சொல்ல வேணும் என்கிறேன். உன்னை ரத்தத்தோடு கண்டேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவன் கோபப்படுகிறானா, பயப்படுகிறானா, எங்கே கண்டாய் என்று கேட்கிறானா? வாசிக்கிற எனக்கு அதுதான் வேணும்.

நான்: பெரியம்மா, பத்தாம் அத்தியாயம் வரைக்கும் அவளை வாய் திறக்க விடுவதில்லை என்றுதான் இருந்தேன். இப்போது எட்டிலேயே சொல்ல வைக்கப் போகிறேன். பஸ்ஸைவிட்டு இறங்கி, பாலத்தடியில் வைத்து.

மாமா: பௌர்ணமி ராத்திரியாக வை. வாவியில் மீன் பாடுகிறது என்பார்களே, அந்தச் சத்தம் கேட்க யாராவது தோணியில் இருப்பார்கள். சாட்சிக்கு ஆள் வேணுமே.

நான்: சாட்சி! இது எனக்குத் தோன்றவே இல்லை மாமா. தோணிக்காரரையும் சேர்க்கிறேன்.

தம்பி: எட்டு எப்ப வரும்?

நான்: ஞாயிறு பின்னேரம்.

அக்கா: முடிவு என்ன என்று ஒருவரும் தங்கச்சிக்குத் தனியாக மெசேஜ் போடாதீங்க. எதுவென்றாலும் குழுவிலேயே கேளுங்க.