கவலைக்கு மாத்திரை போட்டால் அது விசுவாசக் குறைவா?

மார்த்தாண்டம் சகோதரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு 34 வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கொஞ்ச நாளாகக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கி ஓடிவிடலாமா என்று இருக்கிறது. போன திருவிருந்து ஆராதனையில் ஆல்டர் முன்னால் முழங்காலில் நிற்கும்போதே கை நடுங்கி, பாத்திரத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். இசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். மனநல டாக்டர் கவலைக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை 5 மி.கி. எழுதினார். கூடவே இரண்டு வாரத்துக்கு மட்டும் இரவில் க்ளோனாசிபாம் 0.25. இரண்டு அட்டையும் பிரிக்காமல் என் பைபிள் கவரின் ஜிப்புக்குள் கிடக்கின்றன.

அத்தை எனக்காக வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறார்கள். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "மாத்திரையை நம்புகிறவள் கர்த்தரை எப்படி நம்புவாய்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். "சுகருக்கு மாத்திரை போடுகிறார்களே, அதுமாதிரிதான்" என்கிறார் வீட்டுக்காரர். சரி, ஆனால் சர்க்கரை ஏறக் கூடாது என்று வேதத்தில் கட்டளை கிடையாது. கவலைப்படாதே என்று இருக்கிறது. பிலிப்பியர் 4:6-ஐ ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியவள் நான். கீழ்ப்படிய வேண்டிய ஒன்றை மாத்திரை போட்டுச் செய்தால் அது கீழ்ப்படிதல் ஆகுமா? எனக்கு இதற்குத்தான் பதில் வேண்டும்.

தூத்துக்குடி சகோதரர்:

சகோதரி, மருந்தைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேதத்தில் வரும் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்கு நிற்காத) ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். 12 வருஷம் வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் செலவழித்தாள், சுகம் வரவில்லை. இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள், சுகமானாள். முதலில் கொஞ்ச நாள் உபவாசித்துக் காத்திருங்கள். நானும் ஜெபிக்கிறேன்.

பாளையங்கோட்டை ஐயரம்மா (போதகரின் மனைவி):

மகளே, தம்பி அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அதே மாற்கு 5-ஐ முழுசாகப் படி. அத்தனை வருஷம் வைத்தியரிடம் போனதற்காக ஆண்டவர் அவளை ஒரு வார்த்தை கடிந்துகொண்டாரா? "மகளே" என்றுதான் கூப்பிட்டார்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று எழுதிய அதே பவுல்தான் 2 கொரிந்தியர் 11:28-ல், எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று எழுதுகிறார். அவர் தன் கட்டளையைத் தானே மீறினாரா? இல்லை. கவலை வரும்போது அதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான் பிலிப்பியருக்குச் சொல்கிறார். நீ அதைச் செய்துகொண்டுதானே இருக்கிறாய்? பஸ்ஸில் நெஞ்சு அடித்துக்கொள்வது நீ கீழ்ப்படியாததால் அல்ல. அதை வைத்து உன் விசுவாசத்தை அளக்க யாருக்கும் உரிமை இல்லை, அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பவுலின் உடலிலிருந்து கொண்டுபோன உறுமால்களால் நோயாளிகள் சுகமானார்கள். அப்படிப்பட்டவர் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். விசுவாசம் போதவில்லை என்று எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் ஊழியத்தில் இருக்கும்போதே இந்த மாத்திரை போட்டவர். சனிக்கிழமை ராத்திரி பிரசங்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் பேனா வழுக்கும் அளவுக்குக் கை வியர்க்கும். ஜெபிக்க முழங்கால் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். மாத்திரை தொடங்கிய முதல் வாரம் குமட்டலும் கொட்டாவியும்தான், பலன் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் ஆகும்போது தூக்கம் வந்தது. அப்புறம் கை நாடியை விட்டு இறங்கியது. பழையபடி சபையார் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். அதைக் கேட்டு நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

வேலூர் சி.எம்.சி. ஐடா ஸ்கடர் அம்மா ஜெபத்தோடு தொடங்கிய மருத்துவமனை. அவர்களுக்குப் பாகாயத்தில் மனநல மையமே இருக்கிறது. அங்கே சேர்கிறவர்களோடு வீட்டார் ஒருவரும் தங்குவார்கள். உன் வீட்டுக்காரரையும் அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அத்தை உனக்காக உபவாசம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லாதே. நீ மட்டும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு.

நெல்லை மருந்தாளுநர்:

ஐயரம்மா சொன்னதோடு மருந்து விஷயம் மட்டும் சேர்க்கிறேன். எஸ்சிட்டலோப்ராம் வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடியதுபோலவும் இருக்கும், பயந்து விட்டுவிடாதீர்கள். தாங்க முடியவில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். க்ளோனாசிபாம் பழகிப்போகும் மருந்து, அதனால்தான் இரண்டு வாரக் கணக்கு. நன்றாக ஆனபிறகும் எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. சாட்சி சொல்லவேண்டும் என்பதற்காக ஒரே நாளில் நிறுத்திவிட்டுத் தலைசுற்றலோடு கடைக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

மார்த்தாண்டம் சகோதரி:

ஐயரம்மா, 2 கொரிந்தியர் எடுத்து வாசித்தேன். எத்தனையோ தடவை படித்த வசனம், இப்படி யோசித்ததே இல்லை. தூத்துக்குடி அண்ணன், தொடர்ந்து ஜெபியுங்கள். மருந்தாளுநர் ஐயாவிடம் ஒன்று: எஸ்சிட்டலோப்ராமைக் காலையில் போடுவதா, ராத்திரியா? சீட்டில் ஒரு வேளை என்று மட்டும்தான் இருக்கிறது.

நெல்லை மருந்தாளுநர்:

எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். தூக்கம் கெட்டால் காலையில், அசத்தினால் ராத்திரியில். டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.