பாட்டியின் தேக்குப் பெட்டகம்: பச்சை எனாமலையும் வண்டுத் துளைகளையும் என்ன செய்வது?

காவிரிக்கரை:
வணக்கம். பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது பாட்டியின் தேக்குப் பெட்டகம் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய நான்கடி நீளம். மூடியில் பித்தளைப் பட்டையும், அதைப் பிடித்திருக்கும் துருவேறிய இரும்பாணிகளும் உள்ளன. பிற்காலத்தில் யாரோ அடித்த பச்சை எனாமல் விளிம்புகளில் உரிந்து, அடியில் செம்பழுப்பு நிறத்தில் பழைய மெருகு தெரிகிறது. அடிப்பலகை மட்டும் வேறொரு வெளிர்மரம். அதில் சிறு துளைகள் இருக்கின்றன. நகர்த்தினால் மாவு போன்ற தூள் கொட்டுகிறது. எனாமலைக் காஸ்டிக் சோடாவால் நீக்கி வார்னிஷ் அடித்துத் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஆனால் நானே வீட்டில் செய்து, அதில் பட்டுப் புடவைகளை வைக்க விரும்புகிறேன். எதில் தொடங்குவது?

உளிச்சத்தம்:
வண்டு உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். துளை என்பது வண்டு வெளியேறிய வழி. அது பல ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கலாம், பெட்டகத்தை அசைக்கும்போது பழைய தூளும் உதிரும். ஆகவே தட்டித் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாளை விரித்து, சில வாரங்கள் நகர்த்தாமல் விடுங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே புழு அரிக்கிறது என்று பொருள். இவ்வகை வண்டு மாவுச்சத்துள்ள வெளிமரத்தைத்தான் (பட்டையை ஒட்டிய மென்பகுதி) தேடும். தேக்கின் வைரப்பகுதியை, அதாவது நடுவிலுள்ள கெட்டியான பகுதியை, அநேகமாகத் தொடாது. திருப்புளி முனையால் அழுத்தும்போது பலகை உள்வாங்கினால் அதை மாற்றுவதே நல்லது. உறுதியாக இருந்தால், போரிக் அமிலத்தையும் வெண்காரத்தையும் வெந்நீரில் கரைத்து, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, இரண்டு மூன்று தடவை பூசுங்கள். எண்ணெயோ பாலிஷோ ஏறிய மரத்தில் இந்த நீர்க்கரைசல் இறங்காது என்பதால், மெருகு வேலை எல்லாம் இதற்குப் பிறகுதான். உலர்த்துவது நிழலிலேயே இருக்கட்டும். வெயிலில் வைத்தால் மூடி வெடித்துவிடும்.

வேதியியல் ஆசிரியை:
காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். அது தேக்கைக் கறுக்க வைத்து நாரைக் கிளப்பிவிடும். இணைப்புகளுக்குள் தங்கிவிட்டால் பின்னர் அடிக்கும் பூச்சையும் கெடுக்கும். அதைவிட முக்கியமானது அந்தப் பச்சை எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் பரவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய ஆபத்து. கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவரைத் திறந்த வெளியில், கையுறையும் முகக்கவசமும் அணிந்து தடவி, இளகிய பின் மழுங்கிய தகட்டால் வழித்தெடுங்கள். பித்தளையைப் புளியால் துலக்குவதானால் பட்டையைக் கழற்றித் துலக்குங்கள். புளிச்சாறு இரும்பாணியில் பட்டு மரத்தில் ஊறினால் கருங்கறை பிடிக்கும்.

காவிரிக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. எனாமலுக்கு அடியில் தெரியும் மெருகில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்துப் பார்த்தேன்; சற்று நேரத்தில் பிசுபிசுத்தது. மூடியில் நீளவாக்கில் ஒரு விரிசலும் இருக்கிறது. அதற்கு மக்கு வைத்து அடைக்கலாமா?

உளிச்சத்தம்:
ஸ்பிரிட்டில் இளகுவதால் அது அவலரக்கு (ஷெல்லாக்) மெருகாகத்தான் இருக்க வேண்டும். ரிமூவர் பட்டால் அதுவும் போய்விடும்; கவலைப்படாமல், அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றுங்கள். மேலே தடித்த வார்னிஷ் அடித்தால் அந்தப் பழைய தேக்கின் அழகு மூடிப்போகும். உட்புறத்திலும் இதே அவலரக்குப் போதும். எண்ணெய் பூசினால் வாடை புடவையில் ஏறும். விரிசலை மக்கால் இறுக்க வேண்டாம். மழைக்காலத்தில் பலகை உப்பி, கோடையில் சுருங்கும்போது மக்கு பெயர்ந்துவிடும், அல்லது பக்கத்திலேயே புது விரிசல் விடும். மெல்லிய தேக்குச் சிம்பைச் செதுக்கி, ஒரு பக்கத்தில் மட்டும் பசையிட்டு விரிசலில் செருகுங்கள். செருகுவதற்கு முன் அந்த இடத்தைத் தின்னரால் துடைத்துவிடுங்கள். தேக்கின் இயற்கை எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது.