4" குழாய் என்பது 4&#34; குழாய் என்று அச்சாகிறது: கோளாறு டெம்ப்ளேட்டிலா, தரவுத்தளத்திலா?

மன்னைநிரலர்:
வணக்கம். மன்னார்குடியில் பம்புசெட்டும் குழாயும் விற்கும் ஒரு கடைக்காக, முன்பு வேறொருவர் ஃபிளாஸ்க்கில் (பைத்தானின் வலைச் செயலிச் சட்டகம்) எழுதிய பில் செயலியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வடிமுனைக் குழாய்க்கிணறு போடுபவர்கள் வாங்கும் 4" குழாய், பில்லில் 4&#34; குழாய் என்று வருகிறது. விலையை மட்டும் திருத்திச் சேமித்தாலும், ஒவ்வொரு முறையும் பெயரின் நடுவே ‘ஆம்ப்;’ (amp;) என்றொரு துண்டு கூடிவிடுகிறது. டெம்ப்ளேட்டில் ‘சேஃப்’ ஃபில்டரைச் சேர்த்தால், புதிதாகப் பதிந்த சரக்குகள் சரியாகத் தெரிகின்றன. குறுவை நேரம், கடையில் கூட்டம். இப்போதைக்கு அப்படியே விடலாமா?

குடந்தைவாசி:
விட வேண்டாம். ‘சேஃப்’ போட்ட இடத்தில், டெம்ப்ளேட்டைப் பக்கமாக்கும் ஜின்ஜா எதையும் எஸ்கேப் செய்யாது; அதாவது மேற்கோள்குறி போன்ற சிறப்புக் குறிகளைப் பாதுகாப்பான குறியீடாக மாற்றாது. நாளை வேறு வழியாக, இறக்குமதி செய்த சரக்குப் பட்டியல் மூலமாகவோ வேறெப்படியோ, ஒரு ஸ்கிரிப்ட் டேக் (உலாவி இயக்கும் நிரல்) பெயருக்குள் நுழைந்தால் அது அப்படியே ஓடும்.

சேமிக்கும்போதெல்லாம் துண்டு கூடுகிறது என்பதிலிருந்தே, தரவுத்தளத்தில் எழுதும் வழியில் நிரல் எங்கோ எஸ்கேப் செய்கிறது என்று தெரிகிறது. ஜின்ஜா பயன்படுத்தும் மார்க்கப்சேஃப் தொகுப்பின் எஸ்கேப் செயற்கூறு, ‘இது ஏற்கெனவே எஸ்கேப் ஆனது’ என்ற முத்திரையுடன் ஒரு பொருளைத் தருகிறது. அந்த முத்திரை பைத்தான் பொருளுக்கு உரியதே தவிர எழுத்துகளுக்கு உரியதன்று. எனவே தரவுத்தளத்திற்குள் போய்த் திரும்பும் பெயர் வெறும் எழுத்துச் சரமாகத்தான் வரும், ஜின்ஜாவும் தன் கடமையாக அதை மறுபடி எஸ்கேப் செய்யும். திருத்தும் படிவத்திலும் இதுவே நடப்பதால்தான் பெயர் நீண்டுகொண்டே போகிறது. அட்டவணையை நேரடியாக ஒரு செலக்ட் கட்டளையால் பாருங்கள்; அங்கேயே &#34; இருந்தால், சேமிக்கும் செயற்கூற்றில் உள்ள எஸ்கேப்பை எடுத்துவிடுங்கள். தேடல் பெட்டியில் 4" என்று தட்டினால் அந்தச் சரக்கு அகப்படாமல் போவதும் இதே காரணத்தால்தான்.

வெண்ணாற்றங்கரை:
மேலே சொன்னது சரி. ஆனால் அதை நீக்கிய பிறகும் சில பக்கங்களில் மட்டும் குறை நீடித்தால், உதவிச் செயற்கூறுகளில் ஜாயின் (சரங்களைக் கோக்கும் கட்டளை) இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையிட்ட துண்டுகளைச் சாதாரண வெற்றுச் சரத்தின் ஜாயினால் கோத்தால் முத்திரை போய்விடும். மார்க்கப் வகையின் (முத்திரை தாங்கும் வகை) வெற்றுச் சரத்தால் கோத்தால் அது நிலைக்கும். எஃப்-ஸ்டிரிங்கிலும் (மதிப்புகளை உள்ளே பதிக்கும் சரம்) இதே சிக்கல் உண்டு.

மன்னைநிரலர்:
நன்றி ஐயா. அட்டவணையிலேயே &#34; இருக்கிறது; பலமுறை திருத்திய சரக்குகளில் ‘ஆம்ப்;’ அடுக்கடுக்காக நிற்கிறது. பழைய பெயர்களை எப்படிச் சரிசெய்வது?

குடந்தைவாசி:
முதலில் நிரலைத் திருத்துங்கள். இல்லையெனில் அடுத்த சேமிப்பிலேயே மறுபடி கெட்டுவிடும். பிறகு தரவுத்தளத்திற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பைத்தானின் ஹெச்.டி.எம்.எல் தொகுப்பிலுள்ள அன்எஸ்கேப்பை (எஸ்கேப் ஆனதைப் பழைய குறியாக்குவது), பெயர் மேலும் மாறாத நிலை வரும் வரை ஒவ்வொரு வரிசைக்கும் திரும்பத் திரும்பச் செலுத்துங்கள். நிரல் பாடம் நடத்தும் தளமாக இருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன், ஏனெனில் அங்கே &#34; என்பதை வேண்டுமென்றே எழுதுவார்கள். குழாய்க் கடைச் சரக்குப் பெயரில் அதை எவரும் எழுதப்போவதில்லை. கடைசியாக, அந்த ‘சேஃப்’ ஃபில்டரையும் எடுத்துவிடுங்கள்.